வடக்குச் சுவர் ஒழுகும்

எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவதில்லை. வீடு பார்க்கத்தான் போவார்கள். போன இடத்தில் பெண்ணையும் பார்ப்பார்கள், அது வேறு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்க வேண்டும். அதனால் அவர் படுத்து எழுந்திருக்கப் போகிற வீட்டை அவருடைய உம்மா வந்து பார்த்துவிட்டுப் போவது இங்கே முறை. மகள் பிறந்த வீட்டில் வாப்பா அன்றைக்கே வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுவார். மகள் வளர வளர எங்கேயோ பாலைவனத்தில் அவர் சம்பாதித்து, இங்கே அவளுக்கென்று ஒரு வீடு எழும்பும்.

நான் இருக்கும் வீடும் அப்படி என் உம்மா எனக்குக் கொடுத்ததுதான். எனக்குப் பிறந்தது ஒரே மகன். அவன் வாப்பா மவுத்தாகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. எங்கள் தெருவில் எந்த வீட்டைக் காட்டினாலும் அடுத்து இது இன்ன பெண்ணுக்கு என்று சொல்ல ஆள் உண்டு. என் வீட்டுக்கு மட்டும் இல்லை. வருகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீடு, யாருக்கு லாத்தா?" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "பூனைக்கு" என்பேன். உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும். பெரிய சட்டியில் பிரியாணி ஆக்கி வைத்துவிட்டு, சாப்பிட ஆள் வராமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி ஒரு இருப்பு.

மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனும் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அந்த நினைப்பு எனக்கு இருந்ததோ இல்லையோ, வந்த வரன் எல்லாம் தட்டிக்கொண்டே போனது. என் தம்பி இதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

"எங்க லாத்தாவுக்குப் பொண்ணு புடிச்சா வீடு புடிக்காது, வீடு புடிச்சாத் தெரு புடிக்காது, ரெண்டும் புடிச்சா அந்தத் தெருவுல நாய் குலைக்குதும்பாக."

அவன் இராமநாதபுரத்தில் வீட்டுத் தரகு பார்க்கிறவன். புரோக்கர் என்றால் கோபம் வரும், கன்சல்டன்ட் என்று சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறந்தால் வீட்டு விலைதான். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள், பிள்ளைகள் படிப்புக்கென்று இராமநாதபுரத்தில் அபார்ட்மென்ட் வாங்குகிறார்களாம். இராமேஸ்வரம் போகிறவர்களுக்கும், காரங்காட்டுக்குப் படகு சவாரி வருகிறவர்களுக்கும் அறை வாடகைக்கு விட்டால் நல்ல காசாம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரே மாதிரி வரிசை வீடுகள் கட்டி, முகப்பில் 'வில்லா' என்று போர்டு மாட்டியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இங்கே ஒருவர் தும்மினால் அந்த வீட்டிலிருந்து 'யர்ஹமுக்கல்லாஹ்' என்று துஆ செய்துவிடலாம்.

கட்டி முடித்த வேகத்தில் அந்த வீடுகள் விற்றன. எல்லாம் வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பி வாங்கிய பாங்குக் கடன். பிறகு அங்கே வேலை போய் ஒவ்வொருவராகத் திரும்பி வர, இங்கே தவணை நின்றது, ஏல நோட்டீசு வாசலுக்கு வாசல் வந்து ஒட்டிக்கொண்டது. ஏலத்துக்கு வந்த வீட்டை எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டம் எதுவும் இல்லை, ஜமாஅத்தில் சொல்லி வைத்ததும் இல்லை. ஒரு பெண்ணுக்கென்று நினைத்துக் கட்டிய வீடு, அவள் கையை விட்டுப் போகும்போது நாம் போய்ப் பிடுங்கினால் நம் பிள்ளை அதில் எப்படி வாழும் என்கிற கூச்சம்தான். உள்ளூரில் கேட்க ஆள் இல்லை என்றதும் விலை இறங்கும், மறுபடி ஏலம் போடுவார்கள், இன்னும் இறங்கும், கடைசியில் மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ யாராவது வந்து எடுப்பார்கள். எங்கள் கூச்சத்துக்கு என் தம்பி வைத்திருக்கும் பெயர் மார்க்கெட் டிரெண்ட்.

வெளிநாட்டில் வேலை பார்த்த மகன் ஒருநாள் போனில் சொன்னான். "உம்மா, இங்கன இருந்தது போதும். அடுத்த மாசம் ஊருக்கு வந்துடுறேன். ஒரு வீடு வாங்கி ரூம் வாடகைக்கு விட்டாப் பொழப்பு ஓடும். மாமாவைப் பாக்கச் சொல்லுங்க."

தம்பிக்குக் கேட்க வேண்டுமா? மறுநாளே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். சாலையோரத்து வரிசை வீடு ஒன்று, ஏலத்துக்கு வரப் போகிறதாம்.

"பொண்ணு வீடா?" என்று கேட்டேன்.

"நீ அங்கன மகளையா குடிவைக்கப் போறே? ராமேஸ்வரம் போறவுக ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகப் போறாக. ஏறு லாத்தா, சும்மா பாத்துட்டு வருவோம். ஆளுக உள்ளதான் இருக்காக, போனாக் காட்டுவாக."

சும்மா பார்ப்பதில் என்ன என்று நானும் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வரிசையில் கடைசி வீடு. வாசல் கேட்டின் தூணில் ஒரு படுக்கை விரிப்பைக் காயப் போட்டிருந்தார்கள். இடம் இருக்கக் கொடியில் போடாமல் தூணில் எதற்குப் போட்டார்கள் என்று காற்று ஒரு முறை தூக்கிக் காட்டியதும் தெரிந்தது. பாங்கு நோட்டீசு அதற்கடியில் இருந்தது. தம்பி மனையின் அகலத்தைக் காலால் அளந்துகொண்டு வெளியிலேயே நின்றுவிட்டான். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் அவன் வர மாட்டான். நான் மட்டும் படியேறினேன்.

கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. இஸ்திரி போட்ட சேலை, முகத்தில் பவுடர்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க லாத்தா, வாங்க. மத்தியானம் லுஹர் தொழுததுல இருந்து பாத்துக்கிட்டே இருக்கோம்."

பரவாயில்லையே, தம்பி சொல்லி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். மின்விசிறிக்கு நேராக என்னை உட்கார வைத்தார். தட்டில் தொதல் வந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டு மணிக்கணக்கில் கிண்டுகிற பண்டம் அது, யாருக்கும் சும்மா கிண்டிவிட மாட்டார்கள். வீட்டை இழக்கப் போகிறவர், வாங்க வந்தவளுக்குத் தொதல் கிண்டி வைத்திருக்கிறாரே, என்ன மனசு இது என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

"வீட்டைப் பாக்கலாமுன்னு வந்தேன்" என்றேன்.

"அதுக்குத்தானே வாரீங்க. பாக்கலாம், மொதல்ல சாப்பிடுங்க. பையன் எப்ப வாராரு?"

"அடுத்த மாசம்."

"வந்தா எவ்வளவு நாள் இருப்பாரு?"

"இனிமே போக மாட்டான். இங்கனயேதான்."

அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அதுதான் வேணும். மேல மாடி பூரா அவுங்களுக்குத்தான் லாத்தா. நாங்க கீழயே ஒதுங்கிக்கிருவோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏலத்தில் எடுத்த வீட்டில் இவர்கள் கீழே குடியிருப்பார்களாமா? இது என்ன கூத்து? "நீங்க எதுக்குக் கீழ இருக்கணும்?" என்று சூடாகவே கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார். "வேற எங்க லாத்தா போறது? பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டுப் பெத்தவங்க கூடவே இருக்குறதுதானே நம்ம வழக்கம். உங்களுக்குச் சங்கடமுன்னாச் சொல்லுங்க, நாங்க வேற ஏற்பாடு பாத்துக்கிருறோம்."

அப்போதுதான் உள்ளிருந்து ஒரு பெண் தலையில் முக்காடு போட்டு, டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். புதுத் துணியின் மடிப்புக்கூடக் கலையவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொதல் எனக்குக் கிண்டியது இல்லை. லுஹரிலிருந்து வாசலைப் பார்த்தது எனக்காக இல்லை. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்திருக்கிறது. ஏலத்துக்குள் மகளை ஒரு இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று அந்தத் தாய் தவித்துக்கொண்டிருக்க, நான் நடுவில் போய் உட்கார்ந்து தொதலைத் தின்றுகொண்டிருக்கிறேன்.

சொல்லாமல் எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. பிறகு அந்த அம்மா யாரிடமாவது, 'வந்தாக, பாத்தாக, புடிக்கலன்னு போயிட்டாக' என்று அழுவார். அந்தப் பாவம் எனக்கு எதற்கு?

"தங்கச்சி, கோவிச்சுக்கிராதீங்க. நான் மாப்பிள்ளை வீட்டு ஆளு இல்ல. ஏலத்துக்கு வருதேன்னு வீட்டைப் பாக்க வந்தவ."

அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"டீ ஆறுது. குடிங்க லாத்தா" என்றார் கடைசியில்.

அந்த ஒரு சொல்லில் என் கண் நிறைந்துவிட்டது. நான் எதற்கும் சட்டென்று அழுகிறவள் இல்லை. டீயைக் குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்தாள். முக்காட்டை இறுக்கிக் கட்டியிருந்ததைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்று பிறகுதான் தெரிந்தது.

"வாங்க மாமி, வீட்டைக் காட்டுறேன்."

"வேணாம்மா" என்றேன்.

"பரவால்ல, வாங்க. வேற யாராச்சும் காட்டினா ஒழுங்காக் காட்ட மாட்டாங்க."

மாடிக்கு அழைத்துப் போனாள். வடக்குப் பக்கத்து அறையில் ஒரு சுவரை மறைத்துப் பெரிய திரைச்சீலை தொங்கியது. அதை விலக்கினாள். சுவர் பூராவும் உப்பிப்போய், சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது.

"வடக்குச் சுவர் ஒழுகும் மாமி. ஐப்பசி மழையில வாடைக் காத்தோட சேந்து அடிச்சா இந்த ரூமுல படுக்க முடியாது. போர் தண்ணி மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப உப்பு. குடிக்கிறதுக்கு வாங்கித்தான் ஆகணும். பக்கத்து வீட்டுல விடியக்காலம் சுபுஹுக்கு மோட்டார் போட்டா நம்ம கட்டில் ஆடும். அந்த மூலை ரூமு நல்லது. மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஃபேனே வேணாம்."

"எதுக்கும்மா இதையெல்லாம் எங்கிட்டச் சொல்றே? நான் வாங்க வந்தவ."

"அதனாலதான் சொல்றேன். தெரியாம வாங்கினா மழை பெய்யுறப்பல்லாம் எங்களைத் திட்டுவீங்க. வாப்பா வெளிநாட்டுல கம்பெனி மூடி, வேலை இல்லாம நிக்கிறாங்க. இருக்குற கஷ்டத்துல உங்க திட்டும் அவங்களுக்கு வேணாமே."

கீழே அவள் உம்மா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் இறங்கியதும் மெல்லச் சொன்னார். "அந்தத் திரையை நான்தான் போட்டேன் லாத்தா. இன்னைக்கு வாரவங்களுக்காக."

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்று தெரியவில்லை. வாசல் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டால் அந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பார், பிறகு தொதல் தட்டை என் பக்கம் நகர்த்துவார். யாரும் வரவில்லை. வரமாட்டோம் என்று ஒரு போன்கூட இல்லை.

"ஏல விஷயம் தெரிஞ்சிருக்கும்" என்றார். "நசீபு அவ்வளவுதான்."

காரில் ஏறியதும் தம்பி, "எப்படி வீடு?" என்றான். அவனைப் பிடித்துத் திட்டினேன் பாருங்கள், எங்கள் தெரு வரும் வரை நிறுத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளாகப் பார்த்தா என்னைக் கொண்டுபோய் விட்டாய், யாரிடம் கேட்டாய், என்ன கன்சல்டன்ட் நீ என்று. அவன் பாவம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தான்.

ராத்திரி மகன் போன் செய்தான். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான், பிறகு கேட்டான்.

"வடக்குச் சுவர் ஒழுகுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சா?"

"ஆமா."

"வாங்க வந்தவங்ககிட்டயா?"

"ஆமாங்கிறேன்ல."

இரண்டு நாள் கழித்து வேறெதையோ பேசிவிட்டு, "அந்த வடக்குச் சுவர் வீடு என்னாச்சு உம்மா?" என்றான். அடுத்த வாரமும் கேட்டான். ஊருக்கு வந்து இறங்கி, பெட்டியைப் பிரிப்பதற்குள் மறுபடி கேட்டான். சுவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. எனக்கு விளங்கிவிட்டது, ஆனாலும் அவனாகச் சொல்லட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

வீடு எங்களுக்கு வேண்டாம் என்று தம்பியிடம் அன்றைக்கே சொல்லியாயிற்று. உள்ளூரில் யாரும் கேட்கவில்லை, ஏலம் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் சென்னைக்காரர் ஒருவர் எடுத்தார், அறை வாடகைக்கு விடுவதற்காம். அவரிடம் ஒழுகுகிற சுவரைச் சொன்னாயா என்று தம்பியிடம் கேட்டேன். "கேட்டாச் சொல்லுவேன்" என்றான். அந்தப் பிள்ளைக்கு இருக்கிற நேர்மை உனக்கு இல்லையா என்று மறுபடி ஒரு பாட்டம் திட்டினேன். போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

அந்தக் குடும்பம் இராமநாதபுரத்தில் ஒரு அபார்ட்மென்டுக்கு வாடகைக்குப் போய்விட்டதாகவும் அவன்தான் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மகன், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"போய்க் கேளுங்களேன் உம்மா. அவுங்க சரின்னு சொன்னா நான் வந்து பேசுறேன். அந்தப் பொண்ணுக்கும் என்னைப் புடிக்கணும்ல."

நான் இந்த முறை தொதல் கிண்டினேன். அவர்கள் அபார்ட்மென்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க வாங்க மாடியேறி, கதவைத் தட்டினேன். அந்த அம்மா திறந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்தார்.

"இது வாடகை வீடு லாத்தா. இதையும் பாங்குல ஏலம் போடுறாங்களா?"

"வீடு பாக்க வரல தங்கச்சி. பொண்ணு பாக்க வந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்தேன். சின்ன அறை. பழைய வீட்டுச் சாமான்கள் பாதி பிரிக்காமல் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மகனைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"எங்ககிட்ட வீடு இல்லையே லாத்தா. இங்கன உங்க மகனை எங்க வைப்போம்?"

"என் வீட்டுக்கு வரட்டும்."

"பொண்ணு போய் மாமியார் வீட்டுல இருக்குறதா? நம்ம ஊருல அப்படி உண்டா? வீடு இல்லாத பொண்ணுன்னு காலம் பூரா அவளைச் சொல்லிக் காட்டுவாங்க. நான் சம்மதிக்க மாட்டேன்." அன்றைக்கு அழாதவர் இப்போது அழுதார்.

மாடியேறும்போதுகூட நான் அதை நினைத்திருக்கவில்லை. அப்போது வாயில் வந்துவிட்டது.

"மாப்பிள்ளை பொண்ணுக்கு மஹர் குடுக்கணும்ல? என் வீட்டை அவ பேருக்கு எழுதி, மஹரா என் மகன் குடுக்கட்டும். அப்புறம் அது மாமியார் வீடு இல்ல, அவ வீடு. என் மகன் ஊர் வழக்கப்படி பொண்டாட்டி வீட்டுல இருக்கான். நீங்க எப்ப வேணாலும் மக வீட்டுக்கு வாங்க, போங்க. நான் மட்டும் எங்க போறது? அவளுக்குச் சம்மதமுன்னா ஒரு மூலையில இருந்துக்கிருறேன்." கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டேன். "எங்கிட்ட வீடு இருக்கு தங்கச்சி. குடுக்கத்தான் மக இல்ல."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த துணிகூட மாற்றவில்லை, விரலில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. அவள் என்ன சொல்வாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நாள் எத்தனை பெண் வீட்டில் போய் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன், ஒரு வீட்டிலும் இந்தப் பயம் வந்ததில்லை.

"உங்க மகன் வரட்டும், பேசுறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும் மாமி."

"கேளும்மா."

"உங்க வீட்டுல எந்தச் சுவர் ஒழுகும்?"

தரகர்கள், மகனுக்கு வரன் கொண்டு வந்தவர்கள், என் சொந்தத் தம்பி, யாருக்கும் அதுவரை நான் சொன்னதில்லை. அந்த இடத்தை மறைத்து அரிசி டிரம்மை வைத்திருக்கிறேன்.

"சமையக்கட்டுல, மேக்குப் பக்கம்" என்றேன். "வாம்மா, வந்து பாரு."